இல்லாத பண்டம் தேடி

மாத்தளை நகரிலிருந்து இரத்தோட்டை வழியாக ஏறிச் செல்லும் நெடுஞ்சாலை, தேயிலைத் தோட்டங்களையும் ஏலம் மணக்கும் காட்டோரங்களையும் கடந்து, பல வளைவுகளுக்குப் பின்னர் ரிவர்ஸ்டன் என்னும் மேட்டை அடைகின்றது. அங்கிருந்து இலுக்கும்புரவை நோக்கி இறங்கிவிடுகின்றது. நக்கிள்ஸ் மலைத்தொடரைச் சேர்ந்த இவ்விடத்தில் காற்றுக்கு ஓய்வென்பதே இல்லை. அக்காற்றின் தாக்குதலால் மரங்கள் உயர்ந்து வளர மாட்டாமல் குறுகி, முறுகி, ஒரு புறமாகச் சாய்ந்து நிற்கின்றன. மூடுபனி வந்து கவிந்துவிட்டாலோ, சில பாக தூரத்தில் நிற்பது மரமா மனிதனா மானா என்று துணிந்து சொல்லுவதும் அரிது. மடக்கிய கையின் விரற்கணுக்களைப் போல் மலைமுடிகள் தோன்றியமையால் ஆங்கிலேயர் இம்மலைக்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். சிங்கள மக்கள் இதனைத் தும்பறை மலையென வழங்குவர்.

கண் பாதியும் கற்பனை பாதியுமாகக் காணும் இத்தகைய இடங்கள் வேட்டைக் கதைகளுக்கு உரிய விளைநிலங்களாகும். இலங்கையின் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்களும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் எழுந்த 19ஆம் நூற்றாண்டில், தோட்டத் துரைமாரின் ஓய்வு நேரத் துணையாக விளங்கியது துவக்கே. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர் தம் வேட்டை அனுபவங்களை நூலாக எழுதி 1854இல் வெளியிட்டார். மேஜர் ரோஜர்ஸ் என்பவர் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பர். அவர் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்டார். இவ்வாறு வரம்பின்றி நடந்த கொலையைக் கண்டு அஞ்சியவர்கள் 1894இல் வேட்டை விலங்குகளின் பாதுகாப்புக்கென ஒரு சங்கத்தை நிறுவினர். 1937ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விலங்குகளுக்கும் தாவரங்களுக்கும் காப்பளித்தது. விலங்கைச் சுடுவதன்றி இலக்கைச் சுடும் பயிற்சியும் தோட்டக்காரரிடையே வேரூன்றியிருந்தது. 1900இல் தோன்றிய இலங்கைத் தோட்டக்காரர் துவக்குப் படை, தென்னாபிரிக்கப் போரிலும் முதலாம் உலகப் போரிலும் பங்குகொண்டு, 1949இல் கலைக்கப்பட்டது. நக்கிள்ஸ் மலைக்காடு 2000ஆம் ஆண்டில் பேணற்காடாகப் பிரகடனம் செய்யப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் பிற காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம் பெற்றது. வேட்டைத் துவக்குக்கு அங்கே இன்று இடமில்லை. ஆயினும் துவக்குப் பழகுவோர் எங்கெங்குக் கூடுகின்றனரோ, அங்கெல்லாம் ஒரு பழைய விளையாட்டு இன்றும் உயிரோடு இருக்கின்றது.

அவ்விளையாட்டை ஒரு காட்சியாக மனத்தில் தீட்டிப் பார்க்கலாம். சுடும் பயிற்சிக்குப் புதிதாக ஓர் இளைஞன் வந்து சேர்கின்றான். அவனுக்கு ஆர்வம் மிகுதி, அறிவு சொற்பம். முதியவர் ஒருவர் முகத்தில் சிரிப்பின் சாயலும் தோன்றாதபடி, “தம்பி, பண்டசாலைக்குப் போய், இடக்கைக்காரர் போடும் தோட்டா ஒரு பெட்டி வாங்கி வாரும்” என்கின்றார். இளைஞன் ஓடுகின்றான். பண்டசாலைக்காரரும் சிரிப்பதில்லை. “நேற்றுத்தான் முடிந்துபோயிற்று, மேட்டிலே நிற்கும் ஐயாவிடம் இருக்கும்” என்று அனுப்பிவிடுகின்றார். மேட்டில் நிற்பவர், “தோட்டா இருக்கின்றது; ஆனால் அதனோடு சேர்க்க வேண்டிய புகை ஒரு தகரம் வேண்டுமே, அதைக் கேட்டு வந்தீரா?” என்று திருப்பி விடுகின்றார். இலக்குத் தாளில் ஒட்டுவதற்கு ஆயத்தத் துளைகள், பின்னுதைப்பைக் குறைக்கும் எண்ணெய், எதிர்க்காற்றுக்கு ஈடு செய்யப் போத்தலில் அடைத்த பக்கக்காற்று என்று பட்டியல் நீள்கின்றது. ரிவர்ஸ்டன் மேட்டில் நின்றுகொண்டு ஒரு போத்தல் காற்றுக்காக ஒருவன் அலைவானாயின், அதனைவிடச் சிறந்த நகைச்சுவை வேறு உண்டோ?

இவ்விளையாட்டு ஏதோ ஒரு நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1698ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் தேதியன்று, இலண்டன் கோபுரக் கோட்டையில் சிங்கங்களைக் குளிப்பாட்டும் காட்சியைக் காணலாம் என்று நம்பிப் பலர் அங்குச் சென்று ஏமாந்தனர் என மறுநாட் செய்தித்தாள் ஒன்று தெரிவித்தது. ஸ்கொத்லாந்தில், மூடிய கடிதமொன்றை ஒருவன் கையிற் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவர். கடிதத்தைப் பிரித்துப் படிப்பவர், ‘இவனை இன்னும் ஒரு மைல் அனுப்புக’ என்ற கருத்தைக் கண்டு, வேறொரு வீட்டைக் காட்டிவிடுவார். கடிதம் சுமப்பவனே அக்கடிதத்தின் பொருள் என்பதை அவன் ஒருவனே அறியான். இங்கிலாந்தில் தொழில் பழகும் சிறுவரைப் புறாவின் பால் வாங்கிவர அனுப்புவது வழக்கமாயிருந்தது. ‘வார் எண்ணெய்’ வாங்கி வரும்படி சக்கிலியத் தொழிலாளரிடம் அனுப்புவதும் உண்டு. சென்ற சிறுவனுக்குக் கிடைப்பது எண்ணெயன்று. தோல்வாரினால் ஓர் அடி.

வேட்டைக்காரரிடையே இவ்விளையாட்டு இன்னும் விரிவடைந்தது. பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலும் உள்ள மலைவாசிகள் ‘தாகூ’ என்னும் விலங்கொன்றைப் பற்றிக் கூறுவர். வரையாடு போன்ற அவ்விலங்குக்கு, மலைச்சரிவில் நடப்பதற்கு வாய்ப்பாக ஒரு பக்கத்துக் கால்கள் குட்டையாகவும் மறு பக்கத்துக் கால்கள் நெட்டையாகவும் இருக்குமாம். பின்னால் நின்று சீழ்க்கையடித்தால் அது திரும்பிப் பார்க்கும். திரும்பியதும் குட்டைக் கால்கள் பள்ளத்தின் பக்கம் வந்துவிடுதலால் உருண்டு விழும். அடிவாரத்திலே சாக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவன் அதனை எளிதிற் பிடித்துவிடலாம். சாக்கைப் பிடிப்பவன் யாரென்று சொல்ல வேண்டுவதில்லை. அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி இதுபோன்றதொரு வேட்டை நடந்து வருகின்றது. ‘ஸ்னைப்’ என்னும் பறவையைப் பிடிப்பதற்கென்று புதியவனை இரவில் காட்டுக்கு அழைத்துச் சென்று, கையில் ஒரு சாக்கையும் விளக்கையும் கொடுத்து நிறுத்திவிட்டு, மற்றவர்கள் வீடு திரும்பி உறங்கிவிடுவர்.

இவற்றுக்கெல்லாம் முடி வைத்தாற்போன்றது அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலுள்ள டக்ளஸ் என்னும் சிற்றூரின் கூத்து. 1930களில் அவ்வூர் வேட்டைக்காரர் ஒருவர், பாடம் செய்த முயலின் தலையில் மானின் கொம்பைப் பொருத்திச் சுவரில் மாட்டினார். அது பெருஞ் சிறப்படைந்தது. இன்று அவ்வூரார் கொம்பு முயலை வேட்டையாட அனுமதிச் சீட்டே வழங்குகின்றனர். சீட்டுச் செல்லுபடியாகும் காலம் ஜூன் மாதம் 31ஆம் தேதி நள்ளிரவு முதல் இரண்டு மணி வரை! இல்லாத விலங்கை இல்லாத நாளில் சுடுவதற்கு உரிமம் பெறுகின்றவர், ஏமாற்றத்தைத் தாமே விலை கொடுத்து வாங்கிச் சிரித்துக்கொண்டு செல்கின்றார். ஜெர்மனியின் பவேரியப் பகுதியிலும் கொம்பும் சிறகும் உடைய முயலுருவங்களைச் செய்து வைப்பர்; மியூனிக் நகரின் வேட்டை அரும்பொருளகத்திலும் அவை காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.

முயற்கொம்பு என்றதும் தமிழருக்கும் வடமொழி கற்றோருக்கும் தம் வீட்டுப் பண்டம் நினைவுக்கு வரும். இல்பொருளுக்கு எடுத்துக்காட்டு வேண்டிய போதெல்லாம் நம் நாட்டுத் தருக்க நூலார் முயற்கொம்பையும், ஆகாயத் தாமரையையும், மலடி மைந்தனையும், ஆமைமயிர்க் கம்பளத்தையும் அழைத்தனர். முயற்கோடு என்னும் தொடர் தமிழ் உரையாசிரியர்க்கும் நன்கு பழகியதே. இந்நான்கையும் ஒன்று சேர்த்து விளையாடுவதிலும் பண்டைப் பண்டிதர்கள் சளைக்கவில்லை. வானத்துப் பூவைச் சூடி, கானல்நீரில் மூழ்கி, முயற்கொம்பினாற் செய்த வில்லை ஏந்தி மலடி மகன் வருகின்றான் என்பது வடமொழியில் வழங்கும் ஒரு பழங்குறும்பு. வில்லேந்தியவனின் படைக்கலம் இல்பொருள் என்பதை நோக்கினால், பயிற்சித் திடலின் ‘இடக்கைத் தோட்டா’வுக்கு மூதாதை அதுவே எனலாம்.

தமிழில் ஞானவாசிட்டமாக வழங்கும் யோகவாசிட்டத்திலும் ஒரு செவிலி குழந்தைக்குக் கூறும் கதை உண்டு. இல்லாத நகரத்தில் மூன்று அரசகுமாரர் இருந்தனராம். இருவர் பிறக்கவே இல்லை, ஒருவன் கருவிலும் தோன்றவில்லை. அவர்கள் நீரில்லாத ஆறுகளில் நீராடினர், உடைந்த பாண்டங்களிற் சமைத்தனர், வாயில்லாத விருந்தினருக்கு உணவளித்தனர், வேட்டையாடி மகிழ்ந்தனர். கேட்ட குழந்தை இதனை உண்மையென்றே நம்பியது. உலகத் தோற்றத்தின் நிலையும் இத்தகையதே என்பது அந்நூலின் முடிபு. முள்முனையில் குளம் வெட்டி, கையில்லாத குயவனிடம் பானை வாங்கும் நாட்டுப் பாடலும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மேனாட்டார் புதியவனைச் சந்தைக்கு அனுப்பிச் சிரித்தனர். நம்மவர் அதே பொருளை மாணாக்கனின் சிந்தைக்கு அனுப்பினர். வேறுபாடு அவ்வளவே.

ஆனால் இக்கதைக்கு எதிர்பாராத மறுபக்கம் ஒன்றும் உண்டு. இல்லையென்று சொல்லி நகைத்த பண்டங்கள் சில, உண்மையிலேயே உள்ளவை என்று பின்னர்ப் புலனாயின. புறாவின் பாலை எடுத்துக்கொள்ளலாம். குஞ்சு பொரிக்குங் காலத்தில் ஆண் புறா, பெண் புறா இரண்டுமே தம் கண்டப்பையிற் சுரக்கும் தயிர் போன்ற பொருளைக் குஞ்சுகளுக்கு ஊட்டுகின்றன என்பதை ஜோன் ஹண்டர் என்னும் அறிஞர் 1786இல் விளக்கினார். முயற்கொம்பும் அவ்வாறே. கொம்பு போன்ற முளைகளுடன் காட்டு முயல்கள் திரிவதை அமெரிக்க வேட்டைக்காரர் கண்டதுண்டு. றிச்சட் ஷோப் என்னும் மருத்துவ அறிஞர் அதனைக் கட்டுக்கதையென்று ஒதுக்காமல் ஆராய்ந்தார். அம்முளைகள் ஒரு நச்சுயிரியினால் உண்டாகும் கட்டிகள் என்று 1933இல் நிறுவினார். நச்சுயிரிகள் புற்றுநோயை விளைவிக்கக்கூடும் என்னும் அறிவு வளர்வதற்கு அவ்வாராய்ச்சி பெருந்துணை புரிந்தது.

அமெரிக்கச் சிறுவர் சாக்குப் பிடித்துக் காத்திருக்கும் ‘ஸ்னைப்’ பறவையோ இலங்கையருக்கு மிகவும் தெரிந்தது. அது தமிழில் உள்ளான் எனப்படும். ஊசிவால் உள்ளான் வடக்கே சைபீரியப் பகுதிகளிற் குஞ்சு பொரித்து, குளிர் காலத்தில் இலங்கையின் வயல்களுக்கும் சதுப்பு நிலங்களுக்கும் வந்து சேர்கின்றது. நெளிந்து நெளிந்து விரைந்து பறப்பதனால் அதனைச் சுடுதல் கடினம். மறைந்திருந்து குறி தவறாமற் சுடுபவனைக் குறிக்கும் ‘ஸ்னைப்பர்’ என்னும் சொல், 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் இருந்த ஆங்கிலப் படையினர் உள்ளான் சுட்ட பழக்கத்திலிருந்தே பிறந்தது. ஒரு நாட்டில் பேதையை அனுப்பிப் பிடிக்கச் சொல்லும் பறவை, மற்றொரு நாட்டில் வல்லவனைத் தேர்ந்தெடுக்கும் பறவையாயிற்று.

இனி, இதிற் சிரிப்புக்கு அப்பாற்பட்ட ஒரு பொருள் இருப்பதைக் காண வேண்டும். துவக்குத் தொழிலில் வழங்கும் உண்மையான சொற்கள் பல, பொய்ச் சொற்களைப் போலவே ஒலிக்கின்றன. பன்னிரண்டாம் எண் துவக்கு என்பர். இருபதாம் எண் துவக்கு என்பர். இருபது பெரிது, பன்னிரண்டு சிறிது என்று புதியவன் எண்ணுவது இயல்பு. உண்மையோ நேர்மாறானது. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றுள் ஒன்று எக்குழாயிற் பொருந்துமோ அது பன்னிரண்டாம் எண். இருபது உருண்டைகளாக்கினால் ஒவ்வோர் உருண்டையும் சிறுத்துவிடும். ஆகவே இருபதாம் எண் குழாய் ஒடுங்கியது. ரவையிலும் இவ்விதியே, நான்காம் எண் ரவை ஆறாம் எண் ரவையினும் பெரியது. வெடிமருந்தை நிறுப்பதற்குத் தானியமணி ஓர் அளவு; 7,000 மணி கொண்டது ஓர் இறாத்தல். குன்றிமணியாற் பொன் நிறுத்த நம் தட்டாருக்கு இது வியப்பன்று. புதியவனுக்கோ அதுவும் ஏமாற்று என்றே தோன்றும். காற்றுக்கேற்பக் குறியைப் பக்கவாட்டில் திருத்துவதற்கு உண்மையாகவே ஓர் அமைப்பு உண்டு. இடக்கைத் தோட்டா இல்லையாயினும், இடக்கைக்காரருக்கென்று தாழ்ப்பாளை இடப்புறம் அமைத்த துவக்கு உண்டு.

ஒரு முறை ஏமாந்து பலர் முன்னிலையில் நாணமுற்ற இளைஞன், மறு முறை என்ன செய்வான்? மெய்யான பண்டத்தின் பெயரைக் கேட்டாலும் அது பொய்யென்று எண்ணிச் சும்மா இருப்பான். ஐயம் எழுந்தாலும் வாய் திறவான். இதனால் விளையும் கேடு கற்பனையன்று. இருபதாம் எண் தோட்டாவைப் பன்னிரண்டாம் எண் துவக்கில் தவறுதலாக இட்டால், அது வழுகிக் குழாயினுள்ளே சென்று சிக்கிக்கொள்ளும். துவக்கு வெடிக்கவில்லையே, தோட்டா இடவில்லை போலும் என்று கருதி, அதன் பின்னே பன்னிரண்டாம் எண் தோட்டாவை இட்டுச் சுட்டால், குழாய் அடைபட்டிருத்தலால் பிளந்து வெடிக்கும். பிடித்திருக்கும் கையும் நோக்கியிருக்கும் கண்ணும் அவ்வளவிற் போயின. இத்தவற்றைத் தடுப்பதற்காகவே பல உற்பத்தியாளர் இருபதாம் எண் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் இடுகின்றனர். “ஐயா, இந்த மஞ்சள் தோட்டா இத்துவக்குக்குப் பொருந்துமா?” என்னும் ஒரு சிறு கேள்வி அந்தக் கையைக் காத்துவிடும். அக்கேள்வி நகைப்புக்கு அஞ்சித் தொண்டையிலே நின்றுவிட்டால், முன்னொரு நாள் சிரித்தவர்களுக்கும் அதிற் பங்குண்டு.

இது விளையாட்டுத் துவக்குக்கு மட்டும் உரிய செய்தியன்று. மாத்தளை மாவட்டம் போன்ற பகுதிகளில் காட்டுப்பன்றியினின்றும் பயிரைக் காக்க, உரிமம் பெற்ற துவக்கை வைத்திருக்கும் உழவர்கள் இருக்கின்றனர். 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் அவ்வுரிமத்துக்கு அடிப்படை. உழவன் வீட்டில் துவக்கைத் தந்தை மகனுக்குக் கற்பிக்கின்றார். அங்கே கேள்வி கேட்கும் மகனை நகைத்து அடக்கும் தந்தை, அவனுக்கு ஆபத்தையும் சேர்த்தே கையளிக்கின்றார்.

ஆகவே இவ்வேடிக்கையை அடியோடு விலக்க வேண்டுமா? வேண்டுவதில்லை. ஏமாந்தவன் கூட்டத்தில் ஒருவனாக ஏற்றுக்கொள்ளப்படும் சடங்கும் அதுவே. சென்ற ஆண்டு போத்தற் காற்றுக்கு அலைந்தவனே இவ்வாண்டு புதியவனை அனுப்பி வைப்பான். மாலையில் இருவரும் ஒரே அடுப்பில் தேநீர் காய்ச்சிக் குடிப்பர். மலையேற்றத்தின் களைப்பையும் பனியின் குளிரையும் அத்தகைய சிரிப்பு ஒரு போர்வையைப் போல் ஆற்றுவதுண்டு. ஆயினும் அதற்கு மூன்று வரம்புகள் உண்டு. நிறைத்த துவக்கைச் சுற்றி அவ்வேடிக்கை நிகழலாகாது. தோட்டாவும் மருந்தும் காவலும் பற்றிய பேச்சில் பொய் ஒரு சொல்லும் கலத்தலாகாது. சிரிப்பு முடிந்ததும், அனுப்பியவரே அழைத்து உண்மையை விளக்க வேண்டும். விளக்காமல் விட்ட பகிடி பாதி செய்த வைத்தியத்தை ஒக்கும். மூன்றாவது வரம்பு எல்லாவற்றினும் பெரியது. திருப்பிச் சிரிக்க உரிமையுள்ளவனிடத்திலேதான் பகிடி பகிடியாகும். எதிர்த்துப் பேச முடியாத ஏவலாளனையும், கூலியை இழக்க அஞ்சும் தொழிலாளியையும், இல்லாத பண்டத்துக்காக மலை ஏறி இறங்கச் செய்வது நகைச்சுவையன்று. வார் எண்ணெய்க்குச் சென்ற சிறுவன் பெற்ற அடியின் மறுவடிவம் அது. துரையும் தொழிலாளியுமாய்ப் பிரிந்து கிடந்த மலைநாட்டின் வரலாற்றை அறிந்தோர் இவ்வேறுபாட்டை எளிதில் உணர்வர்.

ரிவர்ஸ்டனில் பனி விலகும் வேளையில், ஈரம் நிறைந்த மரக்கிளையொன்றில் ஒரு சிறிய ஓணான் அசையாமல் அமர்ந்திருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணக்கூடும். அதன் மூக்கின் நுனியில், சிறு இலை போலத் தட்டையான, தசையினாலான ஒரு கொம்பு நீண்டிருக்கும். 1861இல் அறிவியலுலகுக்கு அறிமுகமான அவ்வோணானுக்கு, இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட்டின் பெயரை இட்டனர். நக்கிள்ஸ் மலைகளிலன்றி உலகில் வேறெங்கும் அது வாழ்வதில்லை. மூத்தவர் ஒருவர் புதிதாக வந்த இளைஞனை அழைத்து, “தம்பி, அந்தக் காட்டோரம் போய், மூக்கிலே இலை முளைத்த ஓணானைக் கண்டு வாரும்” என்று சொன்னால், முன்பு ஏமாந்தவன் நகைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுவான். ஏமாந்தும் கேட்கும் துணிவை இழவாதவன், “அது மெய்தானா ஐயா? எந்த மரத்திற் பார்க்க வேண்டும்?” என்று வினவிப் புறப்படுவான். அவன் வெறுங்கையோடுதான் திரும்புவான். அவ்வோணானைப் பிடித்து வருவது அங்கே குற்றம். ஆயினும் கண்டு வந்த காட்சி அவனுடையதாகவே இருக்கும்.